பதினேழு நாய்களின் வாக்குமூலம்

ஒரே மத்தியானத்தில் பதினேழு நாய்களை விசாரித்து, பதினேழும் ஒரே பக்கம் மூக்கை நீட்ட, அந்த மூக்குகள் போன வழியிலேயே போய் வழக்கை முடித்த ஆள் இந்தப் பூமியில் நான் ஒருவன்தான்.

நீங்கள் நம்ப வேண்டாம். என் சம்பந்தியே நம்பமாட்டார்; அவர் அங்கேயே இருந்தார். "பதினேழு இல்ல, பதினொண்ணு" என்பார். கோர்ட்டில் முப்பத்திரண்டு வருஷம் சாட்சிகளின் வாக்குமூலத்தை டைப் அடித்தவர், எண்ணிக்கையில் கறார். நான் எடை அளவு இலாகாவில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். என் கணக்கு எடைக்கணக்கு. அன்று அங்கே இருந்த நாய்களை ஒரு தராசில் ஏற்றியிருந்தால் பதினேழு நாயின் எடை நிச்சயம் இருந்திருக்கும்.

ஓய்வுக்குப் பிறகு நான் துப்பறிகிறேன். துப்பறிகிறவனுக்கு உதவியாளர் வேண்டும் என்பது விதி. சம்பந்தியே உதவியாளராக வாய்த்தது தலைவிதி. என் மகளை அவர் மகனுக்குக் கொடுத்திருக்கிறேன். பெண்ணைக் கொடுத்தவன் கொஞ்சம் குனிந்துதான் பேச வேண்டும். அவரோ அந்தக் குனிந்த முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டு கிண்டலடிப்பார்.

அந்தச் சனிக்கிழமை பிள்ளைகள் இருவரும் வீடு மாற்றும் வேலையில் இருந்தார்கள். நாங்கள் உதவிக்குப் போனோம். அரை மணி நேரத்தில் நான் ஒரு கண்ணாடி அலமாரியை உடைத்து, சம்பந்தி ஒரு சண்டையை மூட்டிவிட்டதால், நாயைக் கையில் கொடுத்து வெளியே அனுப்பிவிட்டார்கள். நாயின் பட்டப்பெயர் தலையணை. போட்ட இடத்தில் கிடக்கும்.

"சாயங்காலம் வரைக்கும் எங்கயாவது போயிட்டு வாங்கப்பா. நாய் சாப்பிட்டாச்சு, ஒண்ணும் கொடுக்க வேணாம்" என்றாள் மகள்.

அப்படித்தான், பீரைத் தாங்களே காய்ச்சி ஊற்றும் அந்தக் கடைக்குப் போய்ச் சேர்ந்தோம். முன்னால் பழைய சாமான் கிடங்காக இருந்த இடம். உள்ளே ஆளுயர எஃகுக் கலன்கள். பின்பக்கம் சரளைக்கல் பரப்பிய திறந்த முற்றம், மரப் பெஞ்சுகள், துணிக்குடைகள், ஒவ்வொரு மேஜைக் காலிலும் நாய்க்கயிறு மாட்ட ஒரு கொக்கி. சனிக்கிழமைப் பகல்களில் நாயோடு வரலாம். நாய் தெருவுக்கு ஓடிவிடாமல் இருக்க வாசலில் இரட்டைக் கதவு. ஒன்றைச் சாத்தினால்தான் அடுத்தது திறக்கும். வாசலில் ஒரு பலகை:

மனிதர்கள் வெளிச்சாப்பாடு கொண்டுவரக் கூடாது. நாய்கள் கொண்டுவரலாம்.

சம்பந்தி அதை இரண்டு முறை படித்தார். "அடுத்த ஜென்மத்துக்கு இப்பவே மனு போட்டு வெக்கணும் போலிருக்கே, சம்பந்தி."

அந்தக் கடையின் வழக்கம் இது. நாய்க்கு என்ன கொண்டுவந்தாலும் உள்ளே கொடுத்துவிட வேண்டும். அதைக் கடையின் மூடி போட்ட கண்ணாடி ஜாடிக்கு மாற்றி, ஜாடிக் கழுத்தில் நாயின் பெயர்ச்சீட்டைக் கட்டி, குளிர் அறையின் கீழ்த்தட்டில் வைப்பார்கள். குளிர் அறைக்கு வெளியே ஒரு கரும்பலகையில் பெயரையும் எழுதுவார்கள். கேட்கும்போது எடுத்துத் தந்து, பலகையில் குறித்துவிடுவார்கள். நாய் கொடுத்துவைத்தது.

நான் ஒரு சின்னக் கிளாஸ் பீர் வாங்கி, கண்ணாலேயே அளந்து, பதினெட்டு மில்லி குறைகிறது என்று நியாயமாக எடுத்துச் சொன்னேன். சம்பந்திக்கு வயிற்றுப்புண். உலகச் சரித்திரத்தில் பீர்க் கடையில் போய் வெந்நீர் கேட்ட முதல் மனிதர் அவர்தான். கேட்டுவிட்டு, "கை கழுவிட்டு வந்துடறேன்" என்று துணிப்பையோடு உள்ளே போனார். பன்னிரண்டு மணிக்கு இன்னொரு தடவை கை கழுவப் போனார். இவ்வளவு சுத்தமான மனிதரை நான் பார்த்ததில்லை.

பன்னிரண்டரைக்கு உள்ளேயிருந்து ஒரு கத்தல். குடைகளில் இரண்டு தானாக மடங்கிக்கொண்டன என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"என் ஈஸ்ட் எங்கடா?"

கத்தியது கடையின் அக்கா. நாற்பது வயது இருக்கும். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் மூக்குக்கண்ணாடி, அதன் பக்கத்திலேயே ஒரு சாவி. அவரும் அவர் தம்பியும் சேர்ந்து நடத்தும் கடை. எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவருடைய அப்பா வயதுக்காரர்கள் உட்பட.

"நான் எடுக்கலக்கா" என்றார் தம்பி.

"குளிர் அறையில ஒன்பது மணிக்கு நானே ஜாடியை மேல்தட்டுலேர்ந்து கீழ்த்தட்டுக்கு எறக்கி, கதவோரமா, கைக்கு எட்டுற மாதிரி வெச்சேன். அதுக்கப்புறம் அந்தக் கதவையே நான் தொடல. அண்டாவோட அண்டாவா வெந்துட்டு இருக்கேன். சாவி உன் இடுப்புல இருக்கு."

"உன் கழுத்துலயும் ஒண்ணு இருக்கே."

"என் ஈஸ்டை நானே திருடுவேனா? ஆத்துக்கு அந்தப் பக்கத்து பீர் கம்பெனி உன்னை வேலைக்குக் கூப்பிட்டாங்களாமே. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? வெறுங்கையோட வான்னா சொன்னாங்க?"

சண்டை முற்றத்துக்கே வந்துவிட்டது. தம்பியின் முகம் வெளுத்துவிட்டது. "வரலன்னு சொல்லிட்டேன். அதனாலதான் உன்கிட்ட சொல்லல" என்றார் மெதுவாக.

"மூணு மணிக்கு சாறு ஆறிடும். அதுக்குள்ள ஜாடி வரணும். வரலன்னா நீ கெளம்பிடு. திரும்பி வராத."

விஷயம் இதுதான். முளைகட்டிய பார்லியிலிருந்து எடுத்த மால்ட் சாறைக் காய்ச்சி ஆறவைத்து, ஈஸ்டைப் போட்டுப் புளிக்கவைத்தால்தான் அது பீர். ஆறின சாறை ஈஸ்ட் இல்லாமல் போட்டுவைத்தால் கெட்டுப்போகும். வெளிக்கடையில் வேறு ஈஸ்ட் வாங்கலாமே என்று நானும் கேட்டேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நான் கொஞ்சம் எடை குறைந்தேன். இந்த ஈஸ்டை அக்காவும் தம்பியும் ஒன்பது வருஷமாக ஒரு தடவை காய்ச்சிய பீரிலிருந்து அடுத்த தடவைக்கு எடுத்து எடுத்துப் பிள்ளை மாதிரி வளர்த்திருக்கிறார்கள். அந்தக் கடையின் ருசி முழுக்க அந்த ஒரு ஜாடியில் இருந்தது.

நான் எழுந்து நின்றேன். "அம்மா, கவலைப்படாதீங்க. நான் கண்டுபிடிச்சுத் தரேன்."

"நீங்கதானே பதினெட்டு மில்லி குறையுதுன்னு சொன்ன பெரியவர்?"

"ஆமா."

"அந்தக் கண்ணை வெச்சா கண்டுபிடிக்கப் போறீங்க? செய்ங்க. மூணு மணி வரைக்கும் வாசக்கதவைத் திறக்க மாட்டேன்."

கதவு திறக்காதது எனக்கு வசதி. காலையிலிருந்து ஆட்கள் உள்ளே வந்ததுதான், இன்னும் ஒருவரும் வெளியே போகவில்லை. ஆகவே ஜாடி இங்கேதான் இருக்க வேண்டும். ஒரு மணிக்குள் முடித்துவிடலாம் என்று சம்பந்தியிடம் சொன்னேன்.

"எந்த நாட்டு ஒரு மணி?" என்றார்.

முதலில் குளிர் அறை. தம்பி திறந்து காட்டினார். மேல்தட்டு காலி. கீழ்த்தட்டில் கதவோரம் காலி. உள்ளே தள்ளி ஒரே ஒரு ஜாடி, சீட்டு சுவர்ப்பக்கம் திரும்பியிருக்க, வெளுப்பாக எதையோ அடக்கிக்கொண்டு நின்றது.

"நாய்ச் சாப்பாடு எத்தனை ஜாடி வந்துச்சு?"

"ஏழு. ஏழும் கொடுத்தாச்சு சார், பலகையில பாருங்க" என்றார் தம்பி.  பலகையை எட்டிப் பார்த்தேன். மூக்குக்கண்ணாடி மேஜையில் இருந்தது. ஏழு வரி தெரிந்தது, போதும். அந்த இளைஞன் சாவியை இடுப்பில் திரும்ப மாட்டத் தடுமாறியதைத்தான் நான் அதிகம் கவனித்தேன். வெளியே வந்துவிட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த மூன்று தவறுகளில் அது பெரியது.

அடுத்து பைகள். ஒவ்வொரு மேஜையாகப் போனேன். ஒரு பல் டாக்டரம்மாவின் பையில் அறுபது டூத்பிரஷ் இருந்தது. அவருடைய நாய், கன்றுக்குட்டி உயரம், நான் பையைத் திறந்த நேரம் பார்த்து என் குறிப்பு நோட்டைத் தின்றுவிட்டது.

"முக்கியமான தடயம்ங்க அதுல!" என்று கத்தினேன்.

"கவலைப்படாதீங்க. நாளைக்குக் காலையில வந்துடும்" என்றார் டாக்டரம்மா.

ஒன்றரை மணி. வெயில் குடைத்துணிகளைத் துளைத்துக்கொண்டு இறங்கியது. ஒரு தண்ணீர்க் கிண்ணத்தில் காலை விட்டேன். அதை உதறப்போய் இன்னொரு கிண்ணத்தில் அடுத்த காலை விட்டேன். இரண்டு செருப்பும் தவளை மாதிரிக் கத்த, நான் நடந்த இடமெல்லாம் நாய்கள் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தன.

இரண்டு மணிக்கு ஒரு வெளிச்சம் கிடைத்தது. மூலையில் தனியாக ஒருவர். உடற்பயிற்சிக் கூடத்து ஆசாமி மாதிரி தோள். காலடியில் ஒரு வெள்ளைக் குட்டி நாய். அந்த நாய் அவரை ஒரு தடவைகூட ஏறிட்டுப் பார்க்கவில்லை. என் ரத்தம் சூடேறியது.

"உங்க நாய் பேர் என்ன?"

அவர் விழித்தார். "அது வந்து... நாய்தான்."

"பேரு?"

"டைகர்."

"டைகர்!" என்று கூப்பிட்டேன். பக்கத்து மேஜைக்குக் கீழிருந்து இரண்டு நாய்கள் வந்தன. வெள்ளைக் குட்டி அசையவில்லை.

"பிடிச்சாச்சு!" என்றேன். "இது உங்க நாயே இல்ல. நாயோட வந்தா சந்தேகம் வராதுன்னு திட்டம் போட்டு வந்திருக்கீங்க. ஆத்துக்கு அந்தப் பக்கத்து கம்பெனிதானே?"

அந்தப் பெரிய தோள்கள் இரண்டும் குலுங்கின. "சார், சத்தம் போடாதீங்க சார். பக்கத்து வீட்டு நாய். நான் நடக்கறதில்லன்னு என் வீட்டுக்காரம்மா தினம் திட்டறாங்க. நாயை நடத்திட்டு வரேன்னு சொல்லிட்டு எட்டு சனிக்கிழமையா இங்க வந்து உக்காந்துட்டு இருக்கேன். எடை வேற ஏறிப்போச்சு. எப்படின்னு அவங்க யோசிச்சுட்டே இருக்காங்க."

சம்பந்தி வெந்நீரை உறிஞ்சினார். "குற்றம் நிரூபணம் ஆச்சு. தண்டனையை வீட்டுல கொடுப்பாங்க. அடுத்த வழக்கு?"

எனக்குத் தலை கொதித்தது. துப்பறியும் வேலையில் சந்தேகம் தப்பாவது பெரிய விஷயமில்லை. சந்தேகப்பட்ட ஆள் நம்மிடம் அழுது, அவருக்குக் கைக்குட்டையும் நாமே கொடுத்து, அந்தக் கைக்குட்டையையும் நாய் கொண்டுபோவதுதான் தாங்க முடியாதது.

போதாக்குறைக்கு எங்கள் மேஜையைச் சுற்றி நாய்க்கூட்டம். நான் போகும்போதெல்லாம் இரண்டு நாய், திரும்பி வந்தால் நான்கு. டாக்டரம்மாவின் கன்றுக்குட்டி பெஞ்சையே இழுத்துக்கொண்டு வந்திருந்தது. கொக்கிகளில் மாட்டிய கயிறுகள் எல்லாம் எங்கள் பக்கமாக விறைத்து நின்றன. நான் ஒவ்வொன்றாக விரட்டினேன். போகும், இரண்டு வினாடியில் வரும். படுத்த இடத்தை விட்டு எழுந்து யாரும் பார்த்திராத எங்கள் தலையணைகூட எழுந்து நின்றது! சம்பந்தி காலிரண்டையும் பெஞ்சின் மேல் தூக்கிவைத்துக்கொண்டு, துணிப்பையை மடியில் அணைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"போ, போ! விசாரணை நடக்குற இடத்துல உங்களுக்கு என்ன வேலை?" என்று நான் நாய்களைப் பார்த்துக் கத்தினேன்.

அக்கா கதவோரம் வந்து நின்று பார்த்தார். அவர் முகத்தில் கோபம் முடிந்து களைப்பு வந்திருந்தது. "பெரியவரே, போதும். நாய்கிட்டயாவது உண்மையைக் கேட்டு வாங்கிடுவீங்கன்னு பாத்தேன்."

"கேட்டா அதுவும் சொல்லும்மா!" என்றேன் வீம்புக்கு.

"என்ன சொல்லும்? லொள்ளுன்னு சொல்லும்." உள்ளே போய்விட்டார்.

இரண்டு நாற்பது. தம்பி தோளில் ஒரு பையோடு வந்து, வாசல் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டார்.  ஹெல்மெட்டின் வாரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சொல்ல எதுவும் இல்லாததால் வேலையைப் பற்றிக் கேட்டேன்.

"ஏழு ஜாடியும் நீங்கதான் கொடுத்தீங்களா?"

"ஆறு நான் கொடுத்தேன் சார். இன்னொண்ணு எனக்கு ஞாபகம் இல்ல. பலகையில அடிச்சிருந்துச்சு, அப்ப போயிருக்கும்னு விட்டுட்டேன்."

ஏழு வந்தது. ஏழும் போனது.

முப்பத்தாறு வருஷம் கடைக் கடையாகப் போய், தராசில் போட்டதும் தராசிலிருந்து எடுத்ததும் சரியா என்று பார்த்தவன் நான். ஏழு வந்து ஏழு போனால் தட்டு காலியாக இருக்க வேண்டும். தட்டில் ஒன்று நின்றுகொண்டிருந்ததே!

நான் ஓடினேன். தவளைச் செருப்போடு ஓடினேன். தம்பி பின்னாலேயே வந்து கதவைத் திறந்தார். அந்த ஒற்றை ஜாடியைத் திருப்பினேன். சீட்டில் எழுதியிருந்தது: தலையணை.

எங்கள் நாய். வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்த நாய். அதற்கு நாங்கள் ஒரு பருக்கைகூடக் கொண்டுவரவில்லை. மூடியைத் திறந்தேன். ஓட்ஸ் கஞ்சி, உப்பில்லாமல், பாலில்லாமல். இந்த உலகத்தில் அப்படியொரு கஞ்சியை விரும்பி வைத்துக்கொள்ளக்கூடிய வயிறு ஒன்றே ஒன்றுதான் எனக்குத் தெரியும். அந்த வயிற்றுக்குச் சொந்தக்காரர் மடியில்தான் ஒரு துணிப்பை இருந்தது. அந்தப் பையை நோக்கித்தான் பதினேழு நாய்களும் ஒரு மணி நேரமாகக் கயிறு அறுந்துபோகும் அளவுக்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தன. நான்தான் சாட்சிகளை விரட்டி விரட்டி அடித்திருக்கிறேன்.

முற்றத்திலிருந்த எல்லார் பையையும் சோதித்தேன். அவர் பையை மட்டும் சோதிக்கவில்லை. எப்படிச் சோதிப்பேன்? மாப்பிள்ளையின் அப்பா பை அது. இன்றைக்கு நான் கை வைத்தால் அடுத்த பத்து வருஷத்துக்கு ஒவ்வொரு விசேஷத்திலும் அந்தப் பை வந்து நிற்கும். திருடர்கள் மட்டும் இந்த மரியாதையைத் தெரிந்துவைத்திருந்தால், எல்லோரும் யாருக்காவது சம்பந்தியாகிவிடுவார்கள்.

மேஜைக்கு வந்தேன். மூன்றுக்கு ஏழு நிமிஷம்.

"சம்பந்தி."

"சொல்லுங்க சம்பந்தி."

"பையில என்ன?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "பெண்ணைக் கொடுத்தவர் கேக்குற கேள்வியா இது?"

"கேக்கக்கூடாததுதான். நான் கேக்கல. இதுங்க கேக்குதுங்க." நாய்களைக் காட்டினேன். அதற்குள் கன்றுக்குட்டி நாய் பையின் அடியை நக்கிப் பார்த்துவிட்டுத் தும்மியது. துணியில் ஈரம். ஈரத்தில் நுரை.

"பதினொரு நாய் சேர்ந்தா அது சாட்சி ஆயிடுமா? குறுக்கு விசாரணைக்கு நிக்குமா?" என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "என் மாத்திரைக்கு அப்புறம் குடிக்கிற கஞ்சி சம்பந்தி. வெளிச்சாப்பாடு கூடாதுன்னு எழுதியிருந்துச்சா... நம்ம நாய் பேர்ல கொடுத்து வெச்சேன். திருப்பி வாங்கி, யாரும் பாக்காதப்ப குடிக்கலாம்னு பையிலயே வெச்சிருக்கேன். இதை வெளிய சொல்லிடாதீங்க. என் மருமகளுக்குத் தெரிஞ்சா மானம் போயிடும். நாய்ச் சாப்பாடு சாப்பிட்ட மாமனார்ன்னு பேர் வந்துடும்."

"உங்க கஞ்சி குளிர் அறையில இருக்கு. நான் இப்பதான் பாத்துட்டு வரேன்."

அவர் பைக்குள் கையை விட்டார். வெளியே எடுத்த கை, மணிக்கட்டு வரை நுரையாக இருந்தது.

வாசலில் முதல் கதவு திறந்து சாத்தும் சத்தம் கேட்டது. தம்பி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு இரண்டு கதவுகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

என் சம்பந்தி கிண்டல்காரர்தான்; மானத்துக்குப் பயந்தவர்தான். பையை மூடிக்கொண்டு, யாரும் பார்க்காத நேரத்தில் ஜாடியைக் குளிர் அறை வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கலாம். ஈஸ்ட் கிடைத்திருக்கும், தம்பிமேல் பழி மட்டும் அப்படியே நின்றிருக்கும். பயந்துபோய்த் திருப்பி வைத்துவிட்டான் என்றுதானே சொல்வார்கள்! அவர் அந்த ஹெல்மெட்டைப் பார்த்தார். கையிலிருந்த நுரையைப் பார்த்தார். பெஞ்சின் மேலேயே எழுந்து நின்றுவிட்டார்.

"தம்பி, போகாதீங்க! உங்க அக்காவைக் கூப்பிடுங்க! ஜாடி என்கிட்டதான் இருக்கு!"

அக்கா வந்த வேகத்தில் நாய்கள் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டன. ஜாடியைப் பிடுங்கினார். மூடி பாதி தளர்ந்து, விளிம்பில் நுரை வழிந்துகொண்டிருந்தது. நாய் ஜாடிகளைப் போலவே ஒரு ஜாடி; கழுத்தில் மட்டும் ஈஸ்டுக்கு அடையாளமாக ஒரு நீலநிற ஒட்டுப்பட்டை. மூடியைத் திறந்து மோந்தார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை மோந்தார்.

"உசுரோட இருக்கு."

பிறகு கண்ணைத் திறந்தார். கதவுகளுக்கு நடுவில் நின்ற தம்பியைப் பார்த்தார். "ஆக, இவர்தான் உன் ஆளா? பெரியவங்க பையில வெச்சு அனுப்பினா யாரும் தேட மாட்டாங்கன்னு கணக்கா?"

"அக்கா, இவர் யாருன்னே எனக்குத் தெரியாது."

"அம்மா" என்றார் சம்பந்தி, கோர்ட்டில் கேட்டுப் பழகிய குரலில். "நான் வயித்துப்புண்காரன். என் கஞ்சியை நாய்க்கஞ்சின்னு பொய் சொல்லி உங்க கடையில வெச்சேன். தப்புதான். பன்னெண்டு மணிக்கு வந்து திருப்பிக் கேட்டேன். இந்த ஜாடியை என் கையில கொடுத்தாங்க. சீட்டு இல்லியேன்னு பாத்தேன், ஈரத்துல கழண்டிருக்கும்னு வாங்கிட்டேன். கொடுத்தது இந்தப் பையன் இல்ல. நீங்க."

"நானா?" அக்கா சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. "ஒன்பது மணியிலேர்ந்து நான் அந்தக் கதவையே தொடலன்னு எத்தனை தடவ சொல்றது? என் ஜாடி எனக்குத் தெரியாதா? ஒன்பது வருஷமா தினம் பாக்குறேன். நீங்க ரெண்டு பேரும் நாயை வெச்சுக் கதை கட்டறீங்க."

நான் உள்ளே போய்க் கரும்பலகையை ஆணியிலிருந்து கழற்றிக்கொண்டு வந்தேன். இந்த முறை கண்ணாடி போட்டுக்கொண்டு. மேஜையில் வைத்தேன். ஆறு பெயர்களுக்குப் பக்கத்தில் சின்னதாக டிக். ஏழாவது பெயர் தலையணை. அதன் குறுக்கே ஒரு நீளக் கோடு, பலகையின் சட்டம் வரை இழுத்து அடித்திருந்தது.

"நான் டிக்தான் போடுவேன்" என்றார் தம்பி. அவர் குரலில் கோபம்கூட இல்லை. "கோடு போடறது நீ. உனக்கு டிக் போடப் பொறுமை கிடையாதுக்கா."

"யார் வேணாலும் கோடு போட்டிருக்கலாம்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பலகையையே கடித்திருப்பேன். தடயம் இருக்கிறது, சாட்சி இருக்கிறது, குற்றவாளியே பெஞ்சில் ஏறி நின்று ஒப்புக்கொண்டுவிட்டார். ஒரு ஆள் நம்பமாட்டேன் என்கிறார். அந்த ஒரு ஆள் நம்பாவிட்டால் அந்தப் பையன் போய்விடுவான். மணி மூன்று.  நாய்கள் மட்டும் வாலை ஆட்டின.

சம்பந்தி பெஞ்சிலிருந்து இறங்கினார். சாட்சி சொன்னதைத் திருப்பிப் படிக்கும் டைப்பிஸ்ட் போல, ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னார்.

"'எந்த நாய்? சீக்கிரம் சொல்லுங்க, பொங்குது.' இது நீங்க கேட்டது. 'தலையணை.' இது நான் சொன்னது. 'இந்தாங்க, போங்க போங்க.' இது நீங்க. உங்க ஒரு கையில நீளமா மரத்துடுப்பு, அதுலேர்ந்து சாறு சொட்டிட்டு இருந்துச்சு. கண்ணாடி ரெண்டும் ஆவி படிஞ்சு வெள்ளையா இருந்துச்சு. என் மூஞ்சியை நீங்க பாக்கவே இல்ல. கையால தடவி முதல்ல கிடைச்சதை எடுத்துக் கொடுத்துட்டு, சுண்ணாம்புத் துண்டால இழுத்துட்டு, 'ஐயோ அடுப்பு'ன்னு ஓடினீங்க."

  அக்காவின் கை தானாகக் கழுத்துக்குப் போய்க் கண்ணாடியைத் தொட்டது. பிறகு தன் பூட்ஸைப் பார்த்தார். இடது பூட்ஸின் மேல், பொங்கி வழிந்த சாறு பழுப்பாகக் காய்ந்து ஒட்டியிருந்தது.

"பன்னெண்டு மணிக்கு அண்டா பொங்குச்சு" என்றார், யாரிடமோ கேட்பது போல.

"ஆமா. நான்தான் வந்து தொடச்சேன்" என்றார் தம்பி.

"நான் எங்க இருந்தேன்?"

"நீ அடுப்புகிட்ட இல்ல. எங்கிருந்தோ ஓடி வந்த."

அக்கா ஜாடியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். நுரை அவர் சட்டையில் இறங்கியது, கவனிக்கவில்லை. டாக்டரம்மாவின் நாய் அவர் முழங்கையை மோந்தது, விரட்டவில்லை. கதவுப் பக்கம் நடந்துபோனார். முதல் கதவைத் திறந்தார். தம்பி அசையவில்லை.

"ஹெல்மெட்டைக் கழட்டுடா" என்றார்.  "சாறு ஆறிடுச்சு, வந்து ஊத்து. பெரியவர் சொன்னது நிஜம், அந்த நாய்ங்க சொன்னதும் நிஜம். நடந்துச்சு. நான்தான்டா குடுத்தேன்."